பரண்மேல் பதினோரு பெட்டி

இன்றைக்கும் யார் வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்தாலும் நான் முதலில் மேலேதான் பார்ப்பேன். பரண் இருந்தால் அதில் எத்தனை சாமான் என்று எண்ணிவிட்டுத்தான் உட்காருவேன். மருமகளுக்கு இது பிடிப்பதில்லை.

எல்லாம் என் மாமாவால் வந்தது. யுத்தம் முடிந்து பட்டாசு மறுபடி தாராளமாக வரத் தொடங்கியிருந்த காலம். அம்மாவின் தம்பியான அவர் அரியலூர்க் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தார். முந்தின தீபாவளிக்கு ஒரு வாணம் விழுந்து எங்கள் தெருவில் மூன்று கூரை வீடுகள் எரிந்துபோயின. அதனால் அந்த வருஷம், கடையில் ஒரு பெட்டிக்கு மேல் வெடி வைக்கக்கூடாது, மிச்சத்தை ஊருக்கு வெளியே கல்மண்டபத்தில் வைத்துத்தான் விற்க வேண்டும் என்று தாலுகா ஆபீஸ் இன்ஸ்பெக்டர் தண்டோரா போடச் செய்தார்.

மாமாவிடம் பன்னிரண்டு பெட்டி இருந்தது. ஒன்றைக் கடையில் வைத்துவிட்டு, பதினொன்றையும் சாக்கில் கட்டி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஐப்பசி மழையில் நமத்துப்போகாமலிருக்க அவர் கண்டுபிடித்த இடம், நாங்கள் விதைக் கடலை வைக்கும் பரண். பரணுக்கு நேர் கீழே அடுப்பு.

"என்னடா கூத்து இது?" என்றாள் அம்மா.

"கடையில வைக்கக்கூடாதுன்னுதான் தண்டோரா. அக்கா வூட்டுல வைக்கக்கூடாதுன்னு எவன் சொன்னான்?"

கூடப் பிறந்தவன் கொண்டுவந்த பொருளை வெளியே எடுத்துப் போ என்று அம்மாவால் சொல்ல முடியவில்லை. அடுப்பைத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு, மாட்டுக் கொட்டகையில் மூன்று கல் கூட்டிச் சமைத்தாள். மாமாவுக்கு அதுவும் பொறுக்கவில்லை.

"உள்ள அடுப்ப மூட்டுக்கா. சூடு இல்லன்னா சரக்கு நமுத்துடும்."

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நாளைக்கு மூட்டுறேன்டா" என்றாள்.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு, பிள்ளையார் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிப் போய் வந்தாள். மாமா பழையசோற்றில் கை வைத்த நேரம், இன்ஸ்பெக்டர் நேராகச் சமையலறைக்குள் வந்து பரணை அண்ணாந்து பார்த்தார்.

"பொம்பளைங்க பொழங்குற எடத்துல நுழையறீங்களே சார்! எந்தம்பி வெச்சதத் தொடாதீங்க!" என்று அம்மா தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். கத்திக்கொண்டே, முக்காலியைக் காலால் அவர் பக்கம் நகர்த்தினாள்.

பெட்டிகள் வண்டியேறிக் கல்மண்டபத்துக்குப் போயின. ஊரே அங்கே கூடியது. பொழுது சாய்வதற்குள் அத்தனையும் விற்றுப்போனது. இருந்தும் மாமாவுக்கு மனசு ஆறவில்லை.

"எவனோ வயித்தெரிச்சல் புடிச்சவன் போட்டுக் குடுத்துட்டான்க்கா."

"வுட்றா. அவன் நல்லாவா இருக்கப் போறான்?" என்ற அம்மா, உள் அடுப்பிலிருந்து சுடச்சுட ஓர் அதிரசத்தை எடுத்து அவர் இலையில் வைத்தாள்.

அந்த இன்ஸ்பெக்டருக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் வெடிமருந்துகூட மூக்கில் ஏறிவிடும் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். பிள்ளையார் கோயில் எங்கள் தெருவின் கிழக்குக் கோடியில் இருந்தது. அன்று காலை அம்மா மேற்கேயிருந்து, நெற்றியில் திருநீறு இல்லாமல் திரும்பி வந்ததை நானும்தான் பார்த்தேன்.