அத்தான் போட்ட கையெழுத்து

கைக்கடிகாரம் ஒன்றைப் பறித்த வழக்கில் எனக்கு மூன்று வருடம் விழுந்தது. அந்தக் கடிகாரத்தை நான் முதலில் பார்த்ததே கோர்ட்டில்தான். தொண்ணூறுகளின் நடுவில் ஏரலில் ஒரு வியாபாரியை இருட்டில் யாரோ அடித்துப் பிடுங்கியது. அவருக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. பஸ் நிலையத்தில் படுத்துக்கிடந்தவர்களில் ஊரும் வேலையும் ஒழுங்காகச் சொல்ல முடியாதவன் நான் ஒருவன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, வாழைத்தார் சுமந்து, புன்னக்காயலில் வலை இழுத்து, கிடைத்த இடத்தில் உறங்கித் திரிந்தவன். பிடித்துக்கொண்டு போனார்கள்.

சீவலப்பேரியில் என் அக்காவைக் கட்டியிருந்த அத்தான் வயல் வேலைக்காரர். தகவல் தெரிந்து ஸ்டேஷனுக்கு வந்தார். ஒரு கையெழுத்துப் போட்டால் என்னை விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். ஜாமீனுக்கு என்று நினைத்துப் போட்டார். முதியோர் வகுப்பில் அவர் கற்றது தன் பெயரை எழுத மட்டும்தான், வாசிக்க வராது. அது மகஜர், பொருளைக் கைப்பற்றியதற்குச் சாட்சி வைத்து எழுதும் காகிதம். அவர் வீட்டுக்குப் பின்னால் உடைமரத்து மூட்டில் நான் இடம் காட்ட, போலீசார் கடிகாரத்தைத் தோண்டி எடுத்தார்கள் என்றும், அதை அவர் நேரில் பார்த்தார் என்றும் எழுதியிருந்தது.

விசாரணையில் அவரைக் கூண்டில் ஏற்றி அந்தக் காகிதத்தைக் காட்டினார்கள். உம் கையெழுத்தா என்று கேட்டதற்கு ஆமாம் என்றார். என் வக்கீல் வேறு கோர்ட்டுக்குப் போகும் அவசரத்தில் குறுக்குக் கேள்வி இல்லை என்றுவிட்டார். மீதியை இன்ஸ்பெக்டர் சொல்லி முடித்தார்.

அப்பீலுக்குப் பாளையங்கோட்டையில் வயதான வக்கீல் ஒருவர் கிடைத்தார். தண்டனையை நிறுத்திவைக்கச் செய்து ஜாமீன் வாங்கித் தந்தார். அப்பீல் முடியும்வரை சீவலப்பேரியை விட்டு நகரக் கூடாது என்று நிபந்தனை. ஒரே ஊரில் அவ்வளவு காலம் நான் இருந்ததே இல்லை. அத்தானோடு வயலுக்குப் போனேன். அக்கா எனக்குப் பக்கத்தில் நின்று சோறு போடுவாள். அத்தானுக்குத் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவரிடம் பேச்சை நிறுத்தியிருந்தாள்.

வக்கீல் வழக்குக் கட்டை வாசித்துவிட்டு அத்தானை வரச்சொன்னார்.

“ஏன் வே, நான் எதையும் பார்க்கலன்னு கூண்டுல ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

“பாத்தியான்னு யாரும் கேக்கலையே அய்யா. கையெழுத்தான்னுதான கேட்டாவ. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும்னு போலீஸ்காரர் சொல்லி விட்டிருந்தாரு.”

“கைநாட்டு வச்சிருந்தீர்னா வாசிக்கத் தெரியாதவர்னு அடிச்சிப் பேசிருவேன். நீரு அழகா எழுதியிருக்கீரு.”

அத்தான் சிரித்தார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

அந்த மகஜரைச் சாட்சியமாக எடுத்திருக்கவே கூடாது என்று வக்கீல் வாதாடினார். சாட்சிக்கு வாசிக்கத் தெரியாது என்பதைக் கீழ்க்கோர்ட்டில் ஏன் கேட்கவில்லை என்றார் நீதிபதி. சொந்த மைத்துனனுக்கு எதிராகப் பொய் சொல்ல இந்தச் சாட்சிக்குக் காரணம் எதுவும் இல்லை என்று தீர்ப்பில் எழுதி அப்பீலைத் தள்ளினார்.

என்னை ஜெயிலுக்குக் கொண்டுபோகக் கோர்ட் வாசலில் நிறுத்தியிருந்தார்கள். அத்தான் பைய வந்து பக்கத்தில் நின்றார்.

“அக்காட்ட நான் என்னன்னு சொல்ல மாப்ளே?”

தோற்றுப்போச்சு என்று சொல்லும் என்றேன். தலையாட்டினார். சீவலப்பேரி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் குரல் கொடுத்துப் பார்த்தார். அத்தான் ஏறவில்லை. பஸ் புறப்பட்டது. பிறகு என்னை வேனில் ஏற்றிவிட்டார்கள்.