வேலந்தாவளம் சந்தையில் ஆலங்கட்டி மழை

வெளியூரிலிருந்து வந்து வேலந்தாவளம் மாட்டுச் சந்தையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பங்குனி வெயில் சட்டென்று கறுத்து, எலுமிச்சை அளவில் ஆலங்கட்டிகள் விழுகின்றன. காற்று கொட்டகையின் தகரத்தைப் பிய்த்து எறிகிறது. ஆட்கள் கடைகளுக்குள் ஓட, கட்டிக்கிடக்கும் மாடுகள் மிரண்டு கதறுகின்றன.

எதிரே ஒரு கல்யாண மண்டபம்; நாளைய கல்யாணத்துக்கு வாசலில் வாழைமரம் கட்டியாகிவிட்டது. அதை நடத்தும் அம்மாள் கதவை விரியத் திறந்துவிட்டு, அண்டா மூடியைத் தலைக்குமேல் பிடித்தபடி ஓடி வருகிறார்.

"ஏனுங்க, பார்த்துட்டே நிக்கறீங்க? கவுத்தை அவுத்து மண்டபத்துக்குள்ள ஓட்டுங்க!"

நான் ஓடுகிறேன். முதுகில் ஆலங்கட்டிகள் சுரீரென்று விழுகின்றன. எங்களைப் பார்த்துக் கடைகளில் ஒதுங்கியவர்களும் இறங்குகிறார்கள்.

மழை விடும்போது மண்டபம் நிறைய மாடுகள். தரையெல்லாம் சாணம்.

"நாளைக்குக் கல்யாணமாச்சேம்மா?" என்கிறேன்.

அவருடைய புறங்கையில் தோல் கிழிந்து ரத்தம் வழிகிறது. அதை முந்தானையால் அழுத்திக்கொண்டு நிமிர்கிறார்.

"கழுவிக்கலாமுங்க. எங்க சந்தையில ஒரு உருப்படி சாகலை. உங்க ஊருக்குப் போய் அதைச் சொல்லுங்க!"

எனக்கும் நெஞ்சு நிமிர்கிறது. மூலையில் இருக்கும் விளக்குமாற்றை எடுத்துக்கொள்கிறேன்.