கிணறு எங்கே என்று கேட்கும் லெனாட்

வண்டியை விட்டு இறங்கியதும் லெனாட் குழி எங்கே என்று கேட்பதில்லை. கிணறு எங்கே என்றுதான் கேட்கிறார். வீட்டுக்காரர்கள் விளங்காமல் பார்ப்பார்கள். மலக்குழியை உறிஞ்ச வந்த மனிதருக்குக் கிணற்றடியில் என்ன வேலை? அதற்குள் அவர் கிணற்றுக்கட்டில் இரண்டு கைகளையும் ஊன்றிக் கழுத்தை நீட்டி உள்ளே பார்த்துக்கொண்டிருப்பார். தண்ணீர் எவ்வளவு கீழே நிற்கிறது, எத்தனை வீட்டு மோட்டர்க் குழாய்கள் தொங்குகின்றன, எந்தப் பக்கச் சுவரில் ஈரம் கசிகிறது என்று பார்த்து முடித்த பிறகுதான் குழியைப் பற்றிய பேச்சு.

யாராவது காரணம் கேட்டால், "பொம்பிளை பாக்கப் போனால் தரகரையே பாத்துக்கொண்டிருப்பியள்?" என்பார்.

பிரதேச சபையின் பவுசரை, கழிவு உறிஞ்சும் தாங்கி வண்டியை, ஓட்டுபவர் அவர். வயது ஐம்பதுக்கு மேல். குருநகரிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருகிறார். வேலைக்கு வரும்போது வெள்ளைச் சேர்ட், மடிப்புக் கலையாமல். அதைக் கழற்றி, பவுசருக்குள் ஒட்டியிருக்கும் அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில் கொழுவிவிட்டு, காக்கிச் சேர்ட் மாற்றிக்கொண்டுதான் பவுசரை எடுப்பார். மாலையில் மறுபடியும் அதே வெள்ளை. "கந்தோர் உத்தியோகத்துக்குப் போற ஆள் மாதிரி வீட்டை இருந்து வெளிக்கிட்டனான். திரும்பிப் போகேக்கையும் அப்பிடித்தான் போகோணும். மனிசி பாத்துக்கொண்டிருப்பாள்."

கடலுக்குப் போன தகப்பனுக்குப் பிறந்தவர் என்பதால் காற்றைப் பார்க்காமல் வண்டியை நிறுத்த மாட்டார். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் சில வீடுகளுக்கு முன்னால் மூன்று தரம் முன்னும் பின்னும் எடுத்து, மணம் ஆளில்லாத காணிப் பக்கம் போகும்படி திருப்பி வைப்பார். எங்கள் குறுகிய ஒழுங்கையின் முனைக்கு வந்ததும் இரண்டு முறை கோண் அடிப்பார். அது கேட்டதும் எங்கள் பெண்கள் ஓடிப்போய்க் கொடியில் காயும் உடுப்புகளை அள்ளுவார்கள். குழிக்குள் இருப்பதை அதன் பெயரால் அவர் சொன்னதே கிடையாது. "சரக்கு" என்பார். "அண்ணை, சரக்கு கட்டியாப் போச்சு, கொஞ்சம் தண்ணி விடுங்கோ." படகிலிருந்து மீன் இறக்குகிற ஆளைப் போலத்தான் இருக்கும்.

சண்டிலிப்பாயில் எங்கள் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் முன்பு புகையிலை நின்றது. இப்போது அந்தத் தோட்டத் தறைகள் இரண்டு பரப்பு, ஒன்றரைப் பரப்பு என்று துண்டாகி, துண்டுக்கொரு வீடு எழும்பியிருக்கிறது. சீதனத்துக்குக் கட்டியது, கனடாக் காசில் கட்டியது, வங்கிக் கடனில் பாதியில் நிற்பது. எல்லாவற்றிலும் அறைக்கொரு குளியலறை. குழாய்த் தண்ணீர் இன்னும் எங்கள் ஒழுங்கைக்கு வரவில்லை. கழிவுக்கு ஓடும் குழாயைப் பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லை. அதனால் ஒவ்வொரு மதிலுக்குள்ளும் ஒரு கிணறும் ஒரு குழியும், சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்கு மேலே, ஒன்றுக்கொன்று பயந்தபடி இருக்கின்றன. பவுசரோ ஒன்றுதான். "வீடு குட்டி போடுது. பவுசர் குட்டி போடேல்லையே" என்று லெனாட் சொல்வார். அடுத்த கிழமை வருகிறேன் என்று சொன்னால் அடுத்த கிழமை வந்துவிடுவார். இந்தக் காலத்தில் அது சின்ன விஷயமில்லை.

நான் பல நாடுகளில், பல நகரங்களில், பல வாடகை அறைகளில் இருந்துவிட்டு வந்தவள். அங்கே கழிவறைப் பொத்தானை அழுத்தினால் போய்விடும். எங்கே போகிறது, யார் கையில் போய்ச் சேருகிறது என்று எந்த ஊரிலும் நான் கேட்டதில்லை. இங்கே அதற்கு ஒரு முகம் இருக்கிறது, ஒரு பெயர் இருக்கிறது. கோண் சத்தம் கேட்டு நானும் கொடிக்கு ஓடும்போது மனதுக்குள் அவருக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் அந்தக் கோண் அவசரமாகக் கேட்டது. மூன்று வீடு தள்ளி, செல்வரட்ணம் வீட்டில் அடுத்த நாள் காலை மகள் பிரதீபாவின் கலியாணம். உதவிக்கு நானும் போயிருந்தேன். வீடு நிறையக் கனடாச் சனம். முந்தின இரவே குளியலறைகளிலெல்லாம் கழிவு எதிர்த்து மேலே வரத் தொடங்கிவிட்டது. லெனாட் வழக்கம்போலக் கிணற்றைப் பார்த்துவிட்டு வந்து, "சரி அண்ணை, மூடி எங்கை?" என்றார்.

செல்வரட்ணம் மனைவி சிவகௌரியைப் பார்த்தார். சிவகௌரி அவரைப் பார்த்தார். வீடு கட்டும்போது அவர்கள் வவுனியாவில் இருந்தார்கள். செல்வரட்ணத்தின் தம்பிதான் ரொறன்ரோவிலிருந்து போனிலேயே கட்டுவித்தவர். போன மாதம்தான், கலியாணத்துக்கு வடிவாக இருக்கட்டும் என்று முற்றம் முழுவதும் சிவப்பு இன்ரலொக் கல் பதித்தார்கள். குழியின் மூடி அந்தச் சிவப்புக்குக் கீழே எங்கேயோ இருந்தது.

லெனாட் இரும்பு அலவாங்கின் முனையால் தட்டித் தட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் சத்தம் வெறுமையாகக் கேட்டது. கல்லைக் கிளப்பினால் மணல். இன்னோரிடத்தைக் கிளப்பினால் பாறை. வேர்த்து வழிந்தது. "என்ரை காதும் இண்டைக்கு ஏமாத்துது" என்று நிமிர்ந்தார். சிவகௌரி பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். மாப்பிள்ளை வீட்டார் விடிய வந்து இறங்கிவிடுவார்கள்.

அப்போது பக்கத்து மதிலுக்கு மேலே ஒரு தலை தெரிந்தது.

"என்ன, கலியாணத்துக்கு மேளம் பிடிக்கேல்லையோ? அலவாங்காலை அடிக்கிறியள்?"

அது பூரணம். நாலு வருசத்துக்கு முன் அந்தக் குழியை வெட்டும்போது, தன் கிணற்றுக்குக் கிட்ட வருகிறது என்று சத்தம் போட்டவர். யாரும் கேட்கவில்லை. அன்றோடு இரு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தன் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதையும் அன்றோடு நிறுத்திவிட்டு, கோயில் குழாயில் குடத்தில் பிடித்து வருகிறார்.

"தம்பி, மூடி எங்கையெண்டு எனக்குத் தெரியும் எண்டு அவையளுக்குச் சொல்லுங்கோ" என்றார் லெனாட்டிடம்.

லெனாட் திரும்பினார். "அண்ணை, அக்காவுக்குத் தெரியுமாம்."

செல்வரட்ணம் நின்றது மதிலுக்கு மிகக் கிட்ட. "எனக்கும் காது கேக்குது. எங்கையெண்டு கேளுங்கோ."

"எங்கையெண்டு கேக்கிறார் அக்கா."

"சொல்லுறன். முதல்லை, உந்த அடியில்லாத குழியை மூடிப்போட்டு, அங்காலை றோட்டுப் பக்கமா, அடிக்குக் கொங்கிறீற் போட்டு ஒரு தாங்கி கட்டுவினமோ எண்டு கேளுங்கோ."

"கலியாணம் முடியட்டும், பாப்பம் எண்டு சொல்லுங்கோ."

"எந்தக் கலியாணம்? பேரப்பிள்ளையின்ரையோ?"

செல்வரட்ணத்துக்குக் கோபம் வந்தது. "அவவின்ரை கிணத்துக்கு ஒண்டும் ஆகேல்லையெண்டு சொல்லுங்கோ!"

"அப்ப ஒரு செம்பு அள்ளித் தாறன். உவரைக் குடிக்கச் சொல்லுங்கோ."

கனடாவிலிருந்து வந்த பிள்ளைகள்கூடப் போனைக் கீழே வைத்துவிட்டார்கள். லெனாட் அலவாங்கை மதிலில் சாத்தினார்.

"இதை மட்டும் நான் சொல்ல மாட்டன் அக்கா. பிறகு நாளைக்குத் தாலி கட்டுற நேரம் பொம்பிளையின்ரை தகப்பன் ஆஸ்பத்திரியிலை கிடப்பார்."

முதலில் சிரித்தது, அழுதுகொண்டிருந்த சிவகௌரி. பிறகு பூரணமே வாயைப் பொத்திக்கொண்டார். செல்வரட்ணம் சிரிக்கவில்லை. லெனாட் அவருக்குக் கிட்டப் போய்க் குரலைத் தணித்தார்.

"அண்ணை, நான் கிணறு பாக்கிறனான். நீங்கள் கூப்பிடாத கிணத்தையும் எட்டிப் பாக்கிறனான். அக்காவின்ரை கிணத்துச் சுவரிலை உங்கடை பக்கமாத்தான் ஈரம் கசியுது. நான் இண்டைக்கு இறைச்சுப்போட்டுப் போவன். பிறகும் ஊறும்."

செல்வரட்ணம் கிளப்பிக் கிடந்த கல்லொன்றைக் காலால் ஒதுக்கினார். பிறகு, நாலு வருசத்துக்குப் பிறகு, மதிலைப் பார்த்து நேரே பேசினார்.

"கட்டுறன் அக்கா. மாசி மாதத்துக்கு முதல் கட்டிப்போடுவன். பிள்ளையின்ரை கலியாணத்திலை நிண்டு சொல்லுறன்."

பூரணம் மதிலோரமாக நடந்து போனார். தன் காணியில் நின்ற வேம்புக்கு இந்தப் பக்கம் ஓரிடத்தில் நின்றார். "இதிலை நிண்டுதான் அண்டைக்கு நாள் முழுக்கப் பாத்துக்கொண்டு நிண்டனான். எனக்கு நேரை பாருங்கோ. அதிலை."

எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள். அது சமையல் பந்தல். அடுப்புக் கூட்டி, நாளைய சோற்றுக் கிடாரத்தைச் சரியாக அந்த இடத்தில்தான் வைத்திருந்தார்கள்.

"அடியிலை சரக்கு, மேலை சோறு" என்றார் லெனாட். "நல்ல இடம் பாத்துத்தான் வைச்சிருக்கிறியள்."

கிடாரம் நகர்ந்தது, அடுப்பு நகர்ந்தது, கல் கிளம்பியது. மூடி அங்கே இருந்தது. பவுசரின் மோட்டர் இரையத் தொடங்கியது. அந்த இரைச்சலைக் கேட்டுச் சந்தோசத்தில் கண்ணைத் துடைத்த ஒரு மணப்பெண்ணை நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

வேலை முடிந்தபோது சிவகௌரி வந்து, "அண்ணை, நாளைக்கு நீங்களும் மனிசியும் கட்டாயம் சாப்பிட வரோணும். உங்களை மறந்தம் எண்டால் நாங்கள் மனிசரில்லை" என்றார்.

"வாறம் பிள்ளை. பவுசரை விட்டிட்டு வாறம்."

மதிலடியில் செல்வரட்ணமும் பூரணமும் உரத்து வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தார்கள். தாங்கி மதிலோடு வருவதா, மதிலை விட்டு வருவதா? "அவவுக்குச் சொல்லுங்கோ" என்று யாரும் லெனாட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் நிலத்தில் குந்தியிருந்து, கிளப்பிய கற்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, சிவப்பு முகம் மேலே தெரிய, இடைவெளி தெரியாமல் பதித்துக்கொண்டு வந்தார். கடைசிக் கல்லைக் கையில் எடுத்ததும் சற்று நிறுத்தினார். அதைக் கவிழ்த்து, சாம்பல் நிற அடிப்பக்கம் மேலே தெரிய, மூடிக்கு நேரே வைத்து, உள்ளங்கையால் இரண்டு தரம் அழுத்திவிட்டு எழும்பினார்.