சாப்பாட்டு மேசைமேல் அம்மா

பெஹாலாவில் எங்கள் தெருவில் பிஜொயா தசமி, அதாவது நம் விஜயதசமி, வந்துவிட்டால் சின்ன வயதில் என் தம்பிக்குக் கொண்டாட்டம். துர்க்கையைக் கங்கையில் கரைத்த கையோடு வீடு வீடாகப் போய்ப் பெரியவர்கள் காலைத் தொட்டால் தேங்காய் உருண்டை கிடைக்கும். பெங்காலிப் பிள்ளைகள் குனிந்து தொட்டுவிட்டுக் கையை நீட்டுவார்கள். இவனோ நம் வழக்கப்படி நெடுஞ்சாண்கிடையாக விழுவான். நாங்கள் காக்கிமா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுப் பெங்காலி மாமி பூரித்துப்போய் இவனுக்கு மட்டும் கூடுதலாகக் கொடுப்பாள். பக்தியெல்லாம் வயிற்றுக்குத்தான், வேறென்ன! ஆனாலும் அந்த உருண்டையில் பாதியை எனக்கு வைத்திருப்பான். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

வளர்ந்து ராணுவத்தில் சேர்ந்தான். எல்லையில் கண்ணிவெடி வெடித்து அவனுடைய வலது கால் முழங்காலுக்கு மேலேயே போய்விட்டது. பக்கத்தில் நடந்துகொண்டிருந்த நண்பன் அங்கேயே இறந்துபோனான். செயற்கைக் காலோடு வீடு திரும்பிய தம்பிக்கு அலிப்பூரில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. சிரிப்பான், ரசத்தில் உப்பில்லை என்று சண்டை போடுவான். ஆனால் அம்மாவுக்கு நமஸ்காரம் மட்டும் செய்யவே மாட்டான். பொங்கல், பிறந்தநாள், தசமி, எதுவானாலும் நாங்கள் விழுந்து எழுந்திருக்கும்போது அவன் பால்கனிப் பக்கம் நழுவிவிடுவான்.

கால் மடங்காது, விழுந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும், அந்த வெட்கம்தான் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. நமஸ்காரம் செய்தவனுக்குத்தான் ஆசீர்வாதம், கேட்காதவனுக்குப் போகிறபோக்கில் கொடுக்கக் கூடாது என்பது அவள் பிடிவாதம். பெற்ற பிள்ளைக்கு ஓர் ஆசீர்வாதம் சொல்ல முடியாமல் வருஷம் ஓடுகிறதே என்று என்னிடம் புலம்புவாள்.

ஒரு தசமியன்று சமையலறையிலிருந்து வந்து பார்க்கிறேன், புதுப் புடவை கட்டிக்கொண்டு அம்மா சாப்பாட்டு மேசைமேல் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். எண்பதை எட்டப்போகும் வயதில், நாற்காலியைப் போட்டு ஏறியிருக்கிறாள்!

"அம்மா, இறங்கு! விழுந்து எலும்பை முறிச்சுக்கப் போறே!"

"நீ சும்மா இருடி," என்றாள் என்னிடம். பிறகு தம்பியைப் பார்த்து, "டேய், இங்க வா. நீ விழவும் வேண்டாம், குனியவும் வேண்டாம். நின்னபடியே காலைத் தொடு."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவனும் சிரித்துக்கொண்டேதான் மேசையருகே வந்தான். நீட்டிய கையை அம்மாவின் பாதத்துக்குமேல் அப்படியே நிறுத்திவிட்டான்.

"கால் மடங்காததுனால இல்லம்மா. நமஸ்காரம் பண்ணினா நீ தீர்க்காயுசா இருன்னு சொல்லுவே. என் பக்கத்துல நடந்து வந்தானே, அவனும் லீவு முடிஞ்சு கிளம்பறச்சே அவம்மா கால்ல விழுந்து அதைத்தான் வாங்கிண்டு வந்தான். நூறு வருஷம் இருன்னு சொன்னாளாம். எங்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். அவனுக்குக் கிடைக்காதது எனக்கு எதுக்கும்மா? எனக்கு இருக்கணும்னே இல்லை."

இத்தனை காலமும் நாங்கள் அவன் காலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கறிகாய்க்காரனிடம் பேரம் பேசும் குரலில், "சரி, அதைச் சொல்லலை," என்றாள். "தீர்க்காயுசெல்லாம் வேண்டாம். நான் இருக்கற வரைக்கும் இரு. அது போறும் எனக்கு. இருப்பியா?"

அவன் தலையசைத்தான். இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டு, அவற்றின்மேல் நெற்றியை வைத்து விம்மி விம்மி அழுதான். ஊர் திரும்பிய பின் அவன் அழுது நான் பார்த்தது அன்றுதான். அப்புறம் அம்மாவை மேசையிலிருந்து இறக்க நாங்கள் பட்ட பாடு தனிக் கதை.

அதுவரை மாத்திரை என்றாலே அம்மாவுக்கு வேப்பங்காய். 'போற கட்டை போகட்டும்' என்று ஜன்னல் வழியே வீசிவிடுவாள். இப்போது நேரம் தவறாமல் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறாள். ஊறுகாயை விட்டுவிட்டாள். காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடியில் நடக்கிறாள். போன வாரம் நான் அவளைச் சீண்டினேன்.

"என்னம்மா, திடீர்னு சாவுக்குப் பயம் வந்துடுத்தா?"

தம்பி காதில் விழும் தூரத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டாள்.

"எனக்கென்னடி பயம்? நான் போயிட்டா அவனோட கெடு முடிஞ்சுடுமே."