கேபிளில் பார்த்த வைத்தியம்

சினிமாக்காரர்களுக்கு இந்த மாதிரிப் பிள்ளைகள் என்றால் இரண்டே வகைதான். ஊர் சிரிக்கக் கோணல் நடை நடக்க வேண்டும். இல்லையென்றால் கடைசி ரீலில் குணமாகிவிட வேண்டும். என் மகள் இரண்டிலும் சேரவில்லை. ஐந்து வயதாகியும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். கோயமுத்தூரில் ஒரு டாக்டர் ஆட்டிசம் என்றார். அந்தச் சொல் வீட்டில் ஒருவருக்கும் வாயில் நுழையவில்லை.

வீட்டுக்குக் கேபிள் வந்த புதிது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு படம் போட்டார்கள். வாய் பேசாத கதாநாயகி ஆற்றில் விழுகிறாள், மூச்சுத் திணறுகிறாள், ‘அம்மா’ என்று அலறுகிறாள். அதோடு எல்லாம் சரியாகிவிட்டது. நான் அழுதேன். கூடப் பார்த்துக்கொண்டிருந்த என் அண்ணன் அழவில்லை, யோசித்தார்.

அடுத்த வாரம் உடுமலைப்பேட்டைப் பக்கம் அவர் தோட்டத்துக்குப் போயிருந்தோம். கயிற்றோடு கிணற்றடிக்குக் கூப்பிட்டார். எங்கள் பக்கம் நீச்சல் பழக்குவதே அப்படித்தான், இடுப்பில் கயிற்றைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிடுவார்கள். நானும் அப்படிப் பழகியவள்தான். அதனால் அது கொடுமையாகத் தோன்றவில்லை. ஆனாலும் சொல்லிப் பார்த்தேன்.

“அவளுக்குப் பயத்தச் சொல்லத் தெரியாதுங்கண்ணா.”

“நம்மளையும் அப்பன் இப்படித்தான தள்ளியுட்டாரு. கயிறு எங்கையில இருக்குது. ஒரு சத்தம் வந்தாப் போதும், அம்மணி.”

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானே அவள் இடுப்பில் முடிச்சுப் போட்டேன். குனிந்த என் கையில் இருந்த வளையலை அவள் உருட்டிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் தள்ளினார். தண்ணீர் மூடிக்கொண்டது. அலறல் இல்லை, கையடிக்கவும் இல்லை. அப்படியே இறங்கிக்கொண்டிருந்தாள். அண்ணனும் கீழே பார்த்தபடி நின்றார். மோட்டார் ரூமிலிருந்து ஓடிவந்த அண்ணிதான் கத்தினார்: “ஏனுங்க, புள்ளைய இழுங்க!”

மேலே வந்தபோது உதடு நீலம் பூத்திருந்தது. தண்ணீரைக் கக்கினாள், மூச்சு வந்தது. அழவேயில்லை.

“படத்துல கத்துனாளே, அம்மணி,” என்றார் அண்ணன்.

அன்றிலிருந்து குளிக்கவைக்கச் சொம்பைத் தூக்கினால் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். விவரம் தெரியாத பிள்ளை, மறந்துவிடும் என்றார்கள். மறக்கவில்லை. எனக்கு இன்றும் என்னை நினைத்தால் பயமாக இருக்கிறது. இழுங்க என்று கத்தியது அண்ணி. மகள் தண்ணீரில் முங்கிக் கிடந்த அவ்வளவு நேரமும் நான், ‘அம்மா’ என்று கூப்பிடுவாளா என்று காது கொடுத்துக்கொண்டு நின்றேன்.