துடைப்பம் நிமிர்ந்தால்தான் பானை விழும்

கிரேக்கத் தீவான கோர்ஃபுவின் நகரத்தில் இது எந்த மாதம் என்று லூகியா வார்த்தியிடம் கேட்டால், அவள் நாட்காட்டியைத் தேட மாட்டாள். தெருவில் என்ன குப்பை கிடக்கிறது என்றுதான் பார்ப்பாள். கார்னிவல் முடிந்தால் வண்ணக் காகிதத் துணுக்குகள், குருத்தோலை ஞாயிறன்று ஓலைக் கிழிசல். ஆகஸ்டில் புனிதரின் ஊர்வலம் போன வழியெல்லாம் மெழுகும் பூசணி விதைத் தோலும். ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமைக்கு மட்டும் மண் ஓடு. காலை பதினொரு மணிக்குக் கோயில் மணி அடித்ததும், பழைய நகரத்து மாடிகளிலிருந்து தண்ணீர் நிரப்பிய பெரிய பெரிய பானைகளைத் தெருவில் போட்டு உடைக்கிற நாள் அது. ஊரே கத்தும், சிரிக்கும், சிதறிய ஓட்டைப் பொறுக்கி அதிர்ஷ்டத்துக்கென்று பையில் போட்டுக்கொள்ளும்.

லூகியாவின் கணவன் கப்பல் வேலைக்குப் போய், வேறொரு துறைமுகத்தில் வேறொரு குடும்பத்தைக் கண்டுகொண்ட வருஷம் அவள் துடைப்பத்தைக் கையில் எடுத்தாள். அழுது தீர்க்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள். எட்டாம் நாள் காலை ஐந்து மணிக்கு நகராட்சித் துப்புரவுத் தொழிலாளியாக மூன்று வளைவுத் தெருவில் நின்றாள். வீடுகளுக்கு அடியில் குகை மாதிரி மூன்று கல் வளைவுகள் உள்ள தெரு அது. அன்றிலிருந்து இருபத்தாறு வருஷம் அந்தத் தெரு அவளுடையது.

முதல் ஈஸ்டரிலேயே அவள் யாரென்று தெருவுக்குத் தெரிந்துவிட்டது. கயிறு கட்டி ஆட்களை விலக்கியாகிவிட்டது, தெரு காலி என்று எல்லோரும் நினைத்தார்கள். லூகியாவுக்கு மனசு கேட்கவில்லை. மூன்றாவது வளைவுக்கு உள்ளே எட்டிப் பார்த்தால், காலை ஊர்வலத்தில் வாசித்துக் களைத்த பாண்டு வாத்தியக்காரர் ஒருவர் படியில் உட்கார்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். எழுந்து ஓர் அடி வெளியே வைத்தால் தலைக்கு நேர் மேலே எண்பது கிலோ பானை. லூகியா நடுத்தெருவில் நின்று துடைப்பத்தைக் குறுக்காகப் பிடித்தாள். மாடிகளில் பானை தள்ளப்போன கைகள் நின்றன. வாத்தியக்காரரைக் காதைப் பிடிக்காத குறையாக இழுத்து வெளியே விட்டு, துடைப்பத்தைக் கீற்றுப் பக்கம் மேலே வரும்படி நிமிர்த்தினாள். பானைகள் விழுந்தன.

அதுவே வழக்கமாகிவிட்டது. குறுக்கே பிடித்தால் பொறு, நிமிர்த்தினால் போடு. போலீஸ்காரர் விசில் ஊதினாலும் அந்தத் தெருவில் ஒரு பூந்தொட்டிகூட விழாது.

ஆனால் அவளுக்குள் ஓர் ஆசை இருந்தது. ஒரு பானையாவது தன் கையால் போட வேண்டும். அவள் குடியிருப்பதோ தரைத்தளம். பதினொரு மணிக்கு அவள் நிற்க வேண்டிய இடமோ தெரு. இருபத்தாறு ஈஸ்டரும் அண்ணாந்து பார்த்தே போய்விட்டன.

இந்த வருஷம் ஜனவரியில் ஈரக் கல்லில் வழுக்கி முழங்கால் போயிற்று. புதிதாக வந்திருந்த துப்புரவு மேற்பார்வையாளர் நிகிஃபோரோஸ் நல்ல பையன்தான். முப்பது வயது, சட்டை கசங்காதவன்.

"அக்கா, இந்த ஈஸ்டருக்கு நீங்க ஓய்வெடுங்க. ஒலிபெருக்கி வாங்கியிருக்கோம். நாங்க பாத்துக்கறோம்" என்றான்.

"வளைவுக்குள்ள பாக்கணும், தம்பி."

"ரெண்டு முனையிலயும் ஆள் நிக்கறாங்கக்கா. ஈ காக்கா உள்ள வராது."

லூகியாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் இரண்டாம் மாடி ஆந்திரியானா விஷயத்தைக் கேட்டதும் கைதட்டினாள். ஆந்திரியானாவுக்கு அறுபத்தைந்து வயது, வாய் மட்டும் பதினாறு.

"அடியே, இத்தனை வருஷம் கீழ நின்னு கழுத்து சுளுக்கினது போதும். என் மாடத்துக்கு வா, ஒரு பானை போடு. அடுத்த வருஷம் கேட்டா நான் இருக்க மாட்டேன்."

"எங்க போறீங்க? மேலயா?"

"உன் வாயில சாம்பல! பத்ராவுக்குப் போறேன்டி, மக வீட்டுக்கு. வீட்டை வித்தாச்சு. வாங்கினவன் ஓட்டல் கட்டப் போறான்."

ஆக, இதுதான் ஒரே வாய்ப்பு. லூகியா தன் இடுப்பு உயரத்துக்கு ஒரு பானை வாங்கி, கடைப் பையனிடம் சொல்லி மாடிக்கு ஏற்றி வைத்தாள். கழுத்தில் சிவப்பு நாடா கட்டினாள். சனிக்கிழமை காலை ஒவ்வொரு படியாக, கைப்பிடிச் சுவரைத் திட்டிக்கொண்டே ஏறினாள். சமையலறையில் மறுநாளைக்கான ஈஸ்டர் ரொட்டி மணந்தது. நோன்பு முடியாததால் இருவரும் வெறும் காப்பியைக் குடித்துவிட்டு, பானையை மாடத்துக் கம்பிமேல் ஏற்றித் தண்ணீர் ஊற்றினார்கள்.

மேலிருந்து பார்த்தபோது தெரு அவளுக்குப் புதிதாக இருந்தது. எல்லா மாடத்திலும் சிவப்புத் துணி, பானைக்குப் பின்னால் முகங்கள். எதிர் மாடத்தில் முடிதிருத்துபவர் தெயோதோசிஸ் புதுச் சட்டையில் பானையைக் கட்டிப்பிடித்து நின்றார்.

"என்ன லூகியா, பதவி உயர்வா?" என்று கத்தினார்.

"ஆமா, இனிமே நீங்க கூட்டுங்க!"

மணி அடித்தது. அந்தத் தெருவில் இன்னொரு வழக்கம் உண்டு. மணி ஒலித்துக்கொண்டிருக்கும்வரைதான் பானை போடலாம், நின்ற பிறகு யாரும் போடுவதில்லை. எல்லாம் ஐந்து நிமிஷக் கூத்து. கீழே நிகிஃபோரோஸ் ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னான். மணிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கையை ஆட்டினான். போடச் சொல்கிறான் என்று எல்லோருக்கும் புரிந்தது.

லூகியா பானையில் கை வைத்தாள். அப்போது கீழே மூன்றாவது வளைவின் நிழலிலிருந்து ஓர் ஊன்றுகோலின் நுனி வெளியே வந்து உள்ளே போயிற்று.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள். பக்கத்தில் நின்ற ஆந்திரியானாவுக்கே காதில் விழவில்லை. பார்த்தாள் லூகியா. சமையலறைக் கதவின் பின்னாலிருந்த துடைப்பத்தை ஒரே எட்டில் எடுத்து வந்து, முழங்கால் வலியை மறந்து, மாடத்துக்கு வெளியே குறுக்காக நீட்டினாள்.

தெரு முழுக்க அப்படியே நின்றது. தெயோதோசிஸின் பானை பாதி கம்பியைத் தாண்டியிருந்தது. அவர் அதை மார்போடு சேர்த்து இழுத்தார். தண்ணீர் முழுவதும் புதுச் சட்டையில் கொட்டியது. அந்த நிலையிலும் மனிதர் பானையை விடவில்லை.

நிகிஃபோரோஸ் நிமிர்ந்து பார்த்தான், துடைப்பம் காட்டிய பக்கம் ஓடினான். வளைவுக்குள்ளிருந்து ஒரு கிழத் தம்பதியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தான். கயிறு கட்டுவதற்கு முன்பே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்களாம், மனைவிக்குக் காலணி கடித்ததாம். அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

லூகியா துடைப்பத்தை நிமிர்த்தினாள். மேலிருந்து பிடிப்பதால் எல்லா மாடத்துக்கும் தெரியவேண்டும் என்று இரண்டு கையாலும் உயர்த்தி, அசையாமல் பிடித்தாள். பானைகள் விழுந்தன. தெரு அதிர்ந்தது. தெயோதோசிஸின் காலிப் பானையும் விழுந்தது. கடைசி மாடம் முடியும்வரை அவள் கையை இறக்கவில்லை. இறக்கியபோது மணி நின்றிருந்தது.

சிவப்பு நாடா கட்டிய பானை கம்பிமேல் அப்படியே இருந்தது. லூகியா அதைத் தடவிப் பார்த்தாள். கண் கலங்கியது. அழுகையை மறைக்கத் தெரிந்தவள் அல்ல அவள்.

"போகட்டும்க்கா. செடி வச்சுக்கறேன்."

"செடியாம்! எட்டிப் பாருடி கீழே" என்றாள் ஆந்திரியானா.

ஓடு பொறுக்க ஒருவரும் வரவில்லை. கூட்டம் கயிற்றுக்கு அப்பாலேயே நின்றது. நடுத்தெருவில் நிகிஃபோரோஸ், குப்பை வண்டியிலிருந்து எடுத்த லூகியாவின் துடைப்பத்தோடு நின்றான், கீற்று கீழே இருக்கும்படி.

"தலைகீழா பிடிச்சிருக்கான் பாரு, பெரிய அதிகாரி!" என்று கூவினாள் ஆந்திரியானா. தெருவே சிரித்தது. அவன் அவசரமாகத் திருப்பி நிமிர்த்தினான்.

மணி இல்லாமல், வழக்கத்துக்கு மாறாக, ஒரு பானைக்காக அந்தத் தெரு முழுவதும் அண்ணாந்து நின்றது. லூகியா மூக்கைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள்.

"தம்பி! வளைவுக்குள்ள பாத்தியா?"

"இப்பத்தானேக்கா பாத்தேன்!"

"மறுபடியும் பாரு."

அவன் போனான். மூன்று வளைவையும் பார்த்தான். திரும்பி வந்து துடைப்பத்தை உயர்த்தினான். லூகியா பானையைத் தள்ளினாள். அது விழுந்து உடைந்த சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. கீழிருந்து கேட்டதைவிட மென்மையாக இருந்தது. பிறகு கூட்டத்தின் கூச்சல் எல்லாவற்றையும் மூடிவிட்டது.

கைப்பிடிச் சுவரை மறுபடியும் திட்டிக்கொண்டு அவள் இறங்கி வருவதற்குள் பாண்டு வாத்தியம் தொடங்கிவிட்டது. நிகிஃபோரோஸின் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, கால் வலிக்கும். நாங்க கூட்டறோம்."

"மத்ததையெல்லாம் நீங்க கூட்டுங்க" என்றாள் லூகியா. "சிவப்பு நாடா கிடக்கே, அது என் பானை. அதை நான்தான் கூட்டுவேன்."