பொன்னுத்தாய் அக்காவும் ராசியில்லாத வண்டியும்

திங்கட்கிழமை காலை பத்து மணி இருக்கும். அச்சகத்தில் நாலு கலர் மிஷினில் ஏதோ சத்தம் வருகிறது என்று ஆபரேட்டர் கூப்பிட்டிருந்தார். ரோலர் பக்கம் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் செல்போன் அதிர்ந்தது. கையெல்லாம் மை என்பதால் எடுக்கவில்லை. மூன்றாவது முறையும் அடித்ததும் துணியில் விரலைத் துடைத்துவிட்டு எடுத்தேன். பொன்னுத்தாய் அக்காவின் மகள் செல்வி.

"மாமா, அம்மா போயிட்டாக."

அன்றைக்கு அக்கா லீவு. குழாயடியிலிருந்து வந்து குடத்தை இறக்கி வைத்தவர், நெஞ்சை அடைக்கிறது என்று சொல்லி உட்கார்ந்தாராம். அதன் பிறகு எழுந்திருக்கவில்லை. நான் மிஷினை நிறுத்தச் சொன்னேன். சத்தம் நின்றதும் பைண்டிங் பகுதியில் காலண்டர் தாள் அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். அரை மணி நேரத்தில் கம்பெனி வேனில் இடம் போதாமல் பாதிப் பேர் பஸ் ஏறினார்கள்.

இதைப் படிக்கிற பலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கிராமங்களில் "வண்டிக்காரக்கா" என்றால் அவர்தான். ஆனால் அந்த வண்டி எப்படி வந்தது என்பது எல்லோருக்கும் தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன் என்பதால் எழுதுகிறேன்.

சிவகாசியில் எங்கள் அச்சகத்துக்கு வருவதற்கு முன்னால் அக்கா பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர். அங்கே நடந்த விபத்தில் அவருடைய வலது கையின் கடைசி இரண்டு விரல்களும் வெந்து, உள்ளங்கையோடு மடங்கிப்போயின. எங்களிடம் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சூப்பர்வைசர் அந்தக் கையைப் பார்த்துத் தயங்கினார். அக்கா ஒரு கட்டுத் தாளை எடுத்து, இடது கையால் விசிறி விரித்து, அவர் கண் முன்னாலேயே எண்ணி முடித்தார். "கை போச்சுன்னு நினைக்காதீக. ரெண்டு விரல் மட்டும் கொஞ்சம் கோவிச்சுக்கிட்டு இருக்கு" என்றார். சூப்பர்வைசர் சிரித்துவிட்டார். வேலை கிடைத்தது.

அந்த விபத்து நடந்த நாளில் ஆலையில் நின்ற ஒரே வண்டி ஒரு பழைய பிக்கப். முதலாளியின் அப்பா ஏதோ மிலிட்டரி ஏலத்தில் எடுத்தது. உருண்டை மூக்கு, இரண்டு துண்டாக நிற்கும் முன்கண்ணாடி, பின்னால் பலகை போட்ட திறந்த பெட்டி. பட்டாசுப் பெட்டிகளை லாரி ஷெட்டுக்குக் கொண்டுபோகும் அந்த வண்டியில்தான் வெந்துபோன ஆறு பேரையும் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு பேர் பிழைக்கவில்லை. அதன் பிறகு டிரைவர் அதில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வேறு யாரும் ஏறவில்லை. வண்டி ஸ்டாக் ரூமுக்குப் பின்னால், கருவேல மரங்களுக்கு நடுவில் பல வருஷம் கிடந்தது.

பழைய இரும்புக்காரர் அதை எடுக்க வரப்போகிறார் என்று ஒருநாள் அக்காவுக்குத் தகவல் வந்தது. அன்றைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆலை முதலாளி வீட்டுக்குப் போனார்.

"அந்த வண்டியா? அது ராசியில்லாத வண்டி தாயி. அது எதுக்கு உனக்கு?" என்றார் முதலாளி.

"அதுல ஏறுன ஆறு பேருல நாலு பேரு இன்னைக்கும் சோறு திங்கோம் முதலாளி. அதுக்கு இதைவிட என்ன ராசி வேணும்?"

முதலாளி உள்ளே போய் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்து வந்து அக்காவின் கையில் கொடுத்தார். "எடுத்துக்கோ. ஆனா, ஓடும்னு நம்பாத" என்றார்.

திரும்பி வரும்போதுதான் அக்கா தன் எண்ணத்தைச் சொன்னார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அவசரத்துக்கு ஒரு வண்டி கிடையாது. ஆலை வேன்கள் காலையில் ஆட்களை இறக்கிவிட்டு வேறு லோடுக்குப் போய்விடும். பாம்பு கடித்தாலும் பிரசவ வலி என்றாலும் பஸ்ஸுக்குத்தான் நிற்க வேண்டும். தீபாவளி சீசன் நேரத்தில் ஆலைகளில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். "ஊருல ஒரு வண்டி சும்மா நிக்கணும் தம்பி. நிக்கிறதுதான் அதோட வேலை. நீ மிஷின் பாக்கிற ஆளு, இதைச் சரி பண்ணித் தா" என்றார்.

நான் தட்டிக் கழித்தேன். பிரஸ் மிஷின் வேறு, வண்டி இன்ஜின் வேறு என்றேன். சாமான் கிடைக்காது என்றேன். எல்லாம் உண்மைதான். ஆனால் முக்கியமான உண்மையைச் சொல்லவில்லை. செத்தவர்கள் கிடந்த வண்டியைத் தொட எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் வேறு.

அக்கா என்னை ஆலைக்குப் பின்னால் கூட்டிப்போனார். முள்ளை விலக்கிக்கொண்டு நான் பத்தடி தள்ளியே நின்றேன். "பயமா இருந்தா பயம்னு சொல்லு. அதுல ஒண்ணும் தப்பில்ல. வேலையைச் சாக்குச் சொல்லாத" என்றார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டயர் மேல் கால் வைத்துப் பின்பெட்டியில் ஏறினார். சருகைக் காலால் ஒதுக்கிவிட்டு, இடது ஓரத்தில் அப்படியே மல்லாந்து படுத்தார். அன்றைக்கு அவரைப் படுக்கவைத்த இடம் அது.

"யக்கா, எந்திரிங்க" என்றேன்.

"அன்னைக்கு வானம் மட்டுந்தான் தெரிஞ்சது. வெரசாப் போ வெரசாப் போன்னு வண்டிகிட்டதான் சொல்லிக்கிட்டே கிடந்தேன்" என்றார். பிறகு எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினார். "வா, ஏறு. ஒண்ணும் செய்யாது."

ஏறினேன்.

டிராக்டரில் கட்டி ஊருக்கு இழுத்து வந்தபோது தெரு முக்கில் ஒரு பெண் குறுக்கே நின்றார். விபத்தில் இறந்துபோன இருவரில் ஒருவருடைய மனைவி, அழகம்மாள். "எம் புருசன் மூச்சு அடங்குன வண்டியைத் தெருவுக்குள்ள கொண்டாரீகளா? நாந் தெனமும் இதைப் பாக்கணுமா?" என்று கத்தினார். ஆட்கள் கூடிவிட்டார்கள். டிராக்டர்காரர் இன்ஜினை அணைத்தார். அக்கா சண்டைக்குப் போகவில்லை. "நீ வேண்டாம்னா இங்கனக்குள்ள நிக்காது, அழகு. ஊருக்கு வெளிய நிறுத்திக்கிடுதேன்" என்றார். அப்படியே செய்தார். ஊர் எல்லையில் மந்தையோரம் ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தொடங்கினோம். நான் ஒரு நோட்டில் பழுதையெல்லாம் எழுதிக்கொண்டு வந்தேன். டயர் நாலும் போச்சு. ஏர் ஃபில்டருக்குள் எலி கூடு கட்டியிருந்தது. பெட்ரோல் டேங்க்குக்குள் பிசின் மாதிரி ஏதோ படிந்திருந்தது. வயரெல்லாம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பலகை உளுத்திருந்தது. இரண்டு பக்கம் நிறைந்துவிட்டது. படித்துக்காட்டினேன். அக்கா கேட்டுவிட்டு, "அந்தத் தாளைக் கிழிச்சுப் போடு" என்றார். "நல்லா இருக்கிறதை மொதல்ல எழுது. எதை வெச்சு ஆரம்பிக்கணும்னு அப்பத்தான் தெரியும்."

வேண்டாவெறுப்பாக மறுபடி சுற்றி வந்தேன். எங்கள் கரிசலில் மழையே கிடையாது என்பதால் சேசிஸில் துரு மேலோடு நின்றிருந்தது. ஒரு ஓட்டைகூட இல்லை. ஸ்டியரிங் திரும்பியது. கண்ணாடி இரண்டும் முழுசாக இருந்தன. கியர் பெட்டியைத் திறந்து பார்த்தால் பற்களெல்லாம் எண்ணெயோடு பளபளத்தன. எழுத எழுத எனக்கே கை வேகமெடுத்தது. அன்றைக்குத்தான் எனக்கு அந்த வண்டி ஓடும் என்ற எண்ணம் முதன்முதலாக வந்தது.

ஆனால் இன்ஜின் இறுகிப்போயிருந்தது. முன்பக்கம் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றிப் பார்த்தேன். மலை மாதிரி நின்றது. பிளக்குகளைக் கழற்றி ஆறு சிலிண்டரிலும் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவிட்டோம். இரண்டு ஞாயிறு போயும் அசையவில்லை. மூன்றாம் ஞாயிறு எனக்குப் பொறுமை போய்விட்டது. டிராக்டரில் கட்டி, கியரில் போட்டு இழுத்துவிடலாம் என்றேன். அக்கா மடங்கிய விரல்களைக் காட்டினார். "கட்டுப் பிரிச்ச மறுநாளே சொந்தக்காரர் ஒருத்தர் நல்லது செய்யுறேன்னு வெடுக்குன்னு இழுத்து நிமித்துனாரு. அன்னைக்குச் சும்மா இருந்திருந்தா இன்னைக்கு நிமிந்திருக்குமோ என்னமோ. இன்னும் ஊறட்டும் தம்பி" என்றார்.

ஐந்தாம் ஞாயிறு மத்தியானம், இரண்டு பேரும் சேர்ந்து கைப்பிடியை அழுத்தியபோது உள்ளே 'கிர்' என்று ஒரு சத்தம். ஒரு விரக்கடை நகர்ந்தது. அவ்வளவுதான். அக்கா கைப்பிடியை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் நீர் வந்தது. நான் இத்தனை வருஷத்தில் எத்தனையோ புது மிஷின்களை முதல் தடவை ஓடவிட்டுப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு விரக்கடை மாதிரி எதுவும் இல்லை.

அந்த வாரமே அழகம்மாள் மந்தைக்கு வந்தார். அவரைப் பார்த்ததும் நான் எழுந்துகொண்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நேராகப் பின்பெட்டிப் பக்கம் போனார். "அவுக எந்தப் பலகையில கிடந்தாக?" என்று கேட்டார். அக்கா தொட்டுக் காட்டினார். "அதை நான் எடுத்துக்கிடட்டுமா?" என்றார் அழகம்மாள். ஸ்பேனரை என்னிடமிருந்து வாங்கி அக்கா அவரிடமே கொடுத்தார். துருப்பிடித்த போல்ட்டுகளைக் கழற்ற வெகுநேரம் ஆயிற்று. நான் உதவப் போனபோது அக்கா கண்ணாலேயே வேண்டாம் என்றார். அழகம்மாள் அந்தப் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். அதை என்ன செய்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. பத்து நாள் கழித்து, காற்றில் விழுந்த தன் வீட்டு வேம்பை அறுத்து, இழைத்த பலகைகளாக மாட்டுவண்டியில் கொண்டுவந்து இறக்கினார். "மொத்தப் பெட்டிக்கும் போதும்" என்றார். பிறகு, "தெருவுக்குள்ளயே கொண்டாந்து நிறுத்துங்க. மந்தையில நின்னா அவசரத்துக்கு ஓடி வந்து எடுக்கத் தூரமாயிரும்" என்றார்.

மற்றவை உங்களுக்குத் தெரியும். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கார்புரேட்டரின் படங்களைத் தேடி எடுத்ததும், சாமானுக்காக மதுரைக்கு அலைந்ததும், எப்.சி.க்காக விருதுநகருக்கு மூன்று தடவை போனதும் பெரிய கதை. இன்ஜின் முதல் தடவை நாலு நிமிஷம் ஓடி, ஊர் முழுக்கப் புகையைக் கிளப்பிவிட்டு நின்றது. அக்கா லைசென்ஸ் எடுத்தார். சாவி டீக்கடையில் தொங்கியது. எத்தனை பேரை ஏற்றிப்போனார் என்று அவரும் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. அதில் போகும் வழியிலேயே பிறந்த ஒரு பெண்பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. போன வருஷம் அரசாங்க ஆம்புலன்ஸ் எங்கள் பக்கமும் வர ஆரம்பித்தபோது, வருத்தமாக இருக்கிறதா என்று அக்காவிடம் கேட்டேன். "இதுக்கு எதுக்கு வருத்தம்? நல்ல வண்டி வந்திருச்சு. நம்ம வண்டி இனிமே கொஞ்சம் வெங்காயம் ஏத்தட்டும்" என்றார்.

காரியம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று அச்சகத்து லேண்ட்லைனுக்கு ஒரு அழைப்பு வந்தது. ஆலங்குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். பேசியவர் எனக்கு அறிமுகமில்லாதவர். "பொன்னுத்தாயி அக்கா இருக்காகளா? எங்க ஊருல ஒரு பழைய வண்டி கிடக்கு. அவுக வந்து பாத்தாகன்னா ஆகுமா ஆகாதான்னு சொல்லிருவாகன்னாக" என்றார். அக்கா இறந்துவிட்டதைச் சொன்னேன். "அய்யய்யோ, தெரியாமப் போச்சே. அப்பச் சரிங்க, வெச்சிருதேன்" என்றார்.

அக்காவிடமிருந்து என்னிடம் என்ன இருக்கிறது என்று அந்த நொடியில்தான் எனக்குத் தெரிந்தது. அவரைப் போல எனக்குப் பேச வராது. அவருடைய நெஞ்சுரமும் கிடையாது. ஆனால் செத்துப்போனது என்று எல்லோரும் விட்டுவிட்ட ஒன்றின் முன்னால் போய் நிற்க இப்போது என்னால் முடியும். அதை அவர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"வெச்சிராதீக, வெச்சிராதீக" என்றேன். "வண்டி எங்கன நிக்குது, சொல்லுங்க. ஞாயித்துக்கெழம நான் வாரேன்."